நீச்சல் வீரராக இருந்து படைத்தளபதியான பேர்னாட் பிரைபேர்க்



தமிழ் வினாத்தாளின் கட்டுரைப் பகுதியில் நீங்கள் அறிந்த ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதும்படி கேட்கப்படலாம். அப்போது நம்மில் பலர் மனப்பாடம் செய்த நான்கைந்து பெயர்களையே திரும்பத் திரும்ப எழுதுகின்றோம். நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரின் வாழ்க்கையை எடுத்து, அதன் வெற்றிகளையும் தோல்விகளையும் நடுநிலையோடு எழுதப் பழகுவது பயன் தரும். அதற்கு உதவியாக ஒருவரின் வரலாற்றை இங்கே தருகின்றோம். முதலில் ஒரு முறை முழுவதும் வாசியுங்கள். பின்னர் இறுதியிலுள்ள பயிற்சிகளைச் செய்யுங்கள்.

அறிமுகம்

பேர்னாட் பிரைபேர்க் நியூசிலாந்தில் வளர்ந்தவர். இளமையில் அந்நாட்டின் நீச்சல் சம்பியனாக விளங்கியவர். தொழிலால் பல் வைத்தியர். முதலாம் உலகப் போரில் படைவீரராகி, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படைக்குத் தளபதியாக இருந்தார். பின்னர் அந்நாட்டின் மகாதேசாதிபதியானார்.

அவருக்கும் நமது மலையகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவர் போரிட்ட களங்களுக்கு நமது மலைகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்றவர்கள் உண்டு. அவர்களைப் பற்றியும் உரிய இடங்களில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பிரைபேர்க் 1889 மார்ச் 21ஆந் திகதி இங்கிலாந்தின் ரிச்மண்ட் என்னும் இடத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1891இல் குடும்பம் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து வெலிங்டன் நகரில் குடியேறியது. அவர் வெலிங்டன் கல்லூரியில் கல்வி கற்றார். உயரமும் பருமனும் கொண்ட அவருக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'சின்னவன்' என்று பொருள்படும் 'டைனி' என்பதாகும்.

வெலிங்டன் கடலோர நகரம். அங்கே காற்று ஓயாது வீசும். கடல்நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். அந்த நீரில்தான் பிரைபேர்க்கும் அவருடைய சகோதரர்களும் நீந்திப் பழகினர். 1906ஆம் ஆண்டிலும் 1910ஆம் ஆண்டிலும் அவர் நியூசிலாந்தின் 100 யார் நீச்சல் சம்பியனானார். முதல் வெற்றியின்போது அவருக்கு வயது 17 மாத்திரமே.

நீச்சல் புகழைத் தந்ததேயன்றி வருமானத்தைத் தரவில்லை. எனவே அவர் பல் வைத்தியத் தொழிலைப் பயின்று, 1911இல் பல் வைத்தியராகப் பதிவு பெற்றார். சிறு நகரங்களில் சில ஆண்டுகள் தொழில் செய்தார். அதே காலத்தில் தொண்டர் படையிலும் இணைந்து ஓர் இளநிலை அதிகாரியானார். நோயாளிகளின் பல்லைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்க வேண்டிய அவரது வாழ்க்கையை 1914ஆம் ஆண்டு திசை திருப்பியது.

போர்க்களத்தை நோக்கி

1914 மார்ச்சில் பிரைபேர்க் நியூசிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. செய்தி அறிந்த அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அப்போது கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சேர்ச்சில். தரையில் போரிடுவதற்கென அவர் அமைத்த றோயல் கடற்படைப் பிரிவின் ஹூட் பட்டாலியனில் பிரைபேர்க் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அந்தப் பட்டாலியனில் இளங்கவிஞர் ரூபர்ட் புறூக்கும் அதிகாரியாக இருந்தார். கலிப்பொலியை நோக்கிச் செல்லும் வழியில் நோயுற்ற அவர் 1915 ஏப்ரல் 23இல் இறந்தார். கிரேக்கத் தீவான ஸ்கைரோசில் அவரை இரவில் அடக்கம் செய்த நண்பர்களுள் பிரைபேர்க்கும் ஒருவர். அடுத்த நாள் இரவே அவர் தமது வாழ்வின் மிக ஆபத்தான நீச்சலுக்கு இறங்க வேண்டியிருந்தது.

சாரோஸ் வளைகுடாவில் ஓர் இரவு

இந்நிகழ்ச்சியைக் கவனமாக வாசியுங்கள். இதுவே அவரது வாழ்க்கையின் திருப்புமுனை.

1915 ஏப்ரல் 25 அதிகாலையில் நேசநாட்டுப் படைகள் துருக்கியின் கலிப்பொலித் தீபகற்பத்தில் இறங்கத் திட்டமிட்டிருந்தன. உண்மையான தரையிறக்கம் தீபகற்பத்தின் தென்பகுதியில் நடைபெறவிருந்தது. ஆனால் வடக்கே புலாயர் என்னும் ஒடுங்கிய இடத்திலேயே அது நடக்கும் என்று துருக்கியப் படையை நம்ப வைக்க வேண்டும். அப்படி நம்பினால் அப்பகுதியிலுள்ள படைகள் தெற்கே நகரமாட்டா. அதற்காகச் சிறு குழு ஒன்றைப் புலாயர் கரையில் இறக்கி, விளக்குகளைக் கொளுத்தச் செய்வதென முதலில் தீர்மானிக்கப்பட்டது.

அந்தக் குழு உயிரோடு திரும்புவது அரிது என்பது பிரைபேர்க்குக் தெரிந்தது. பலரை அனுப்புவதற்குப் பதிலாகத் தாம் ஒருவரே நீந்திச் செல்வதாக அவர் முன்வந்தார். அதிகாரிகளும் இணங்கினர்.

உடலில் குளிரைத் தாங்குவதற்காக எண்ணெய் பூசப்பட்டது. இருளில் தெரியாதிருக்கக் கருஞ்சாயமும் பூசப்பட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் அவர் நீரில் இறங்கினார். விளக்குகளை ஒரு சிறு மிதவையில் வைத்து இழுத்துக்கொண்டு நீந்தினார். காற்றைக் காட்டிலும் நீர் பல மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை எடுத்துவிடும். எனவே குளிர்ந்த கடலில் நீண்ட நேரம் இருப்பவரின் கைகால்கள் விறைத்து, சிந்தனையும் தடுமாறும். அந்த நிலையிலும் அவர் கரையை அடைந்தார்.

கரையில் முதல் விளக்கைக் கொளுத்தினார். பின் நீரில் இறங்கிச் சற்றுத் தூரம் நீந்திச் சென்று அடுத்த விளக்கைக் கொளுத்தினார். எதிரியின் பதுங்கு குழிகள் எனக் கருதப்பட்ட இடத்தை நோக்கித் தவழ்ந்து சென்று பார்த்தார். அவை வெறும் போலிக் குழிகள் என்பதைக் கண்டறிந்தார். பின்னர் மீண்டும் கடலில் இறங்கி இருளில் நீந்தினார். சில மணி நேரத்தின் பின் அவரது படகு அவரைக் கண்டெடுத்தது.

துருக்கியப் படையை வழிநடத்திய ஜேர்மன் தளபதி லிமன் வொன் சாண்டர்ஸ், தரையிறக்கம் புலாயரில் நிகழக்கூடும் என எண்ணி அப்பகுதியிலேயே தங்கியிருந்தார். ஒரு நீச்சல் வீரரின் செயல் மாத்திரமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அங்கு நின்ற கப்பல்களும் காரணமாயின. ஆயினும் அந்த ஏமாற்றுத் திட்டத்தில் அவரது பங்கு பெரியது. இதற்காக அவருக்கு டி.எஸ்.ஓ. என்னும் சிறப்புச் சேவை விருது வழங்கப்பட்டது.

*நினைவிற் கொள்க:* இதே கலிப்பொலிப் போரில் இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையினரும் இருந்தனர். நமது மலையகத் தோட்டங்களில் துரைமாராக இருந்த ஐரோப்பியரைக் கொண்ட அப்படையின் ஒரு பிரிவு 1914இல் கொழும்பிலிருந்து கப்பலேறியது. கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவற் கடமையிலும் அது ஈடுபட்டது. துரைமார் போருக்குப் போன அக்காலத்திலும் கொழுந்து பறித்த கைகள் ஓயவில்லை. போர்க்காலப் பிரித்தானியாவுக்குத் தேயிலையை அனுப்பிய அத்தொழிலாளரின் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இழப்பும் விருதும்

போர் பிரைபேர்க்கின் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. சகோதரர் ஒஸ்கார் 1915 ஜூனில் கலிப்பொலியில் கொல்லப்பட்டார். மற்றொரு சகோதரர் போல் 1917இல் போர்க் காயங்களால் இறந்தார். பிரைபேர்க்கும் பலமுறை காயமடைந்தார்.

1916 நவம்பர் 13, 14ஆந் திகதிகளில் பிரான்சில் பொகூர் என்னும் கிராமத்துக்கான போர் நடைபெற்றது. கடும் மூடுபனிக்குள் சிதறிப்போன வீரர்களை ஒன்றுதிரட்டி அவர் முன்னேறினார். இரு முறை காயமடைந்தும் களத்தை விட்டு அகலவில்லை. மறுநாள் கிராமத்தைக் கைப்பற்றியபோது ஏறத்தாழ 500 எதிரிகள் சிறைப்பட்டனர். மேலும் காயங்கள் பட்ட பின்னரும், தேவையான கட்டளைகளைக் கொடுத்து முடிக்கும் வரை அவர் சிகிச்சைக்குச் செல்ல மறுத்தார். இதற்காகவே விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. 1917இல், 28ஆவது வயதில், அவர் பிரிகேடியர் தரத்துக்கு உயர்ந்தார்.

கரை தெரிந்தும் அடையாத நீச்சல்

1918 நவம்பர் 11இல் போர் முடிந்தது. 1922இல் பிரைபேர்க் பார்பரா மக்லரன் என்பவரை மணந்தார். அவரது முதற் கணவர் போர்க்காலத்தில் உயிரிழந்தவர்.

போர் முடிந்தும் அவரிடமிருந்த நீச்சல் வீரர் மறையவில்லை. 1925இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றார். அக்கால்வாயின் மிக ஒடுங்கிய பகுதி ஏறத்தாழ 33 கிலோமீற்றர். ஆனால் ஏறக்குறைய ஆறு மணிக்கொரு முறை நீரோட்டம் திசை மாறுவதால் நீந்துபவர் நேர்கோட்டில் செல்ல இயலாது. கடைசிக் கட்டத்தில் களைப்புற்றவரை நீரோட்டம் கரைக்குப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிடும். பிரைபேர்க்குக்கும் அதுவே நேர்ந்தது. சில நூறு யார் தூரமே எஞ்சியிருக்க, கரையை அடைய முடியாமல் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. உடலில் பல போர்க் காயங்களைச் சுமந்த, 36 வயதான ஒருவர் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது எனலாம்.

இவ்விடத்தில் நம் நாட்டின் நீச்சல் வீரர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். அவர் 1984 ஓகஸ்டில் அதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். கடலுக்குச் சம்பியன் என்றும் சாதாரணன் என்றும் வேறுபாடு இல்லை.

மீண்டும் அழைப்பு

1930களில் பிரைபேர்க் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். இந்தியாவில் பதவி ஏற்கவிருந்த வேளையில் மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் குறை இருப்பதாகக் கூறப்பட்டது. 1937இல் அவர் ஓய்வு பெற நேர்ந்தது. உடல் வலிமையால் பெயர் பெற்றவருக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. கடல்கடந்து செல்லும் நியூசிலாந்துப் படைக்குத் தளபதியாக அவரை அந்நாட்டு அரசு நியமித்தது. பதவியை ஏற்றபோது அவர் ஒரு முக்கியமான உரிமையையும் பெற்றார். பிரித்தானிய மேலதிகாரிகளின் கட்டளை தமது வீரர்களைத் தேவையற்ற அழிவுக்கு உள்ளாக்கும் எனக் கருதினால், நேரடியாக நியூசிலாந்து அரசிடம் முறையிடலாம் என்பதே அவ்வுரிமை. அக்காலத்தில் அந்நாட்டின் சனத்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. அங்கே ஒவ்வோர் இறப்பும் ஊரறிந்த இறப்பாகும். இதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1940 ஜனவரியில் அப்படையின் முதற் தொகுதியினரை ஏற்றிய கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தரித்தே எகிப்துக்குச் சென்றன.

கிரீட் தீவின் தோல்வி

1941 ஏப்ரல் இறுதியில் கிரீட் தீவைக் காக்கும் பொறுப்பு பிரைபேர்க்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மே 20ஆந் திகதி ஜேர்மன் படையினர் பரசூட் மூலம் வானிலிருந்து இறங்கினர். அவர்களுக்குப் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. எனினும் மலேமே விமானத்தளத்தை அவர்கள் கைப்பற்றிவிட்டனர். அதன் வழியாக மேலும் மேலும் படைகள் வந்திறங்கவே, தீவை விட்டு நேசப்படை வெளியேற நேர்ந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்ற முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதிகளாகினர்.

கடல் வழியான தாக்குதலையும் எதிர்பார்த்த பிரைபேர்க், விமானத்தளத்தைக் காப்பதற்குப் போதிய படையை ஒதுக்கவில்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் குறை கூறுவர். போதிய விமானங்களும் தொடர்புச் சாதனங்களும் அவரிடம் இருக்கவில்லை என்று வேறு சிலர் கூறுவர். இரு கருத்தையும் எழுதுவதே நடுநிலையான விடையாகும்.

பின்னர் வட ஆபிரிக்காவில் அவரது படை பெயர் பெற்றது. 1942 ஜூனில் கழுத்தில் காயமடைந்த அவர், குணமாகித் திரும்பி அவ்வாண்டின் எல் அலமைன் போரில் தமது படையை வழிநடத்தினார்.

மொன்டே கசினோ: ஒரு கடினமான தீர்மானம்

1944இன் தொடக்கத்தில் இத்தாலியின் கசினோ மலைப்பகுதியைக் கைப்பற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவரது கட்டளையின் கீழ் நியூசிலாந்துப் படையோடு நான்காவது இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. மலையுச்சியில் ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் நிறுவிய துறவியர் மடம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். எனவே அதனை எதிரி பயன்படுத்துவதாக வீரர்கள் நம்பினர்.

மடத்தைக் குண்டுவீசி அழிக்க வேண்டும் என்று இந்தியப் பிரிவின் தளபதி ரக்கர் கேட்டார். பிரைபேர்க் அதனை ஏற்று மேலிடத்துக்கு வலியுறுத்தினார். மேல்நிலைத் தளபதி அலெக்சாண்டர் அனுமதி வழங்கினார். 1944 பெப்ரவரி 15இல் மடம் தகர்க்கப்பட்டது. ஆனால் ஜேர்மன் வீரர்கள் அப்போது மடத்துக்குள் நிலைகொண்டிருக்கவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்களே பெருமளவில் மாண்டனர். அதன் பின்னர் இடிபாடுகளுக்குள் புகுந்த எதிரி அவற்றையே அரணாக்கிக் கொண்டான். பிரைபேர்க்கின் தாக்குதல்கள் வெற்றி பெறவில்லை. மே 18இல் போலந்துப் படையினரே அம்மலையைக் கைப்பற்றினர். போருக்குப் பின் மடம் மீளக் கட்டப்பட்டது.

1915இல் பிறரது உயிரைக் காப்பதற்காகத் தாம் தனியே கடலில் இறங்கியவர் இவர். 1944இலும் தமது வீரரின் உயிரைக் காக்கவே விரும்பினார். ஆனால் இம்முறை விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர். தனி ஒருவரின் துணிவுக்கும் தலைவர் ஒருவரின் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது.

*நினைவிற் கொள்க:* அதே 1944இல் இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, மதராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியியற் படையைச் சேர்ந்த தமிழரான சுபேதார் சுப்பிரமணியம், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். அவருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

இறுதிக் காலம்

1946 முதல் 1952 வரை பிரைபேர்க் நியூசிலாந்தின் மகாதேசாதிபதியாகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே, 1950இல், ஓக்லண்ட் நகரில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அங்கே 440 யார் தடைதாண்டலில் நமது நாட்டின் டங்கன் வைற் தங்கப்பதக்கம் வென்றார்.

1951இல் பிரைபேர்க் பிரபுப் பட்டம் பெற்றார். 1953 முதல் வின்சர் கோட்டையில் பதவி வகித்தார். 1963 ஜூலை 4இல் காலமானார். அவரது மரணத்துக்குப் பழைய போர்க் காயம் ஒன்று மீண்டும் வெடித்தமை காரணமாயிற்று. இங்கிலாந்தின் கில்ட்பேட் அருகே, தாம் மணம் புரிந்த தேவாலய வளவிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். வெலிங்டன் கடற்கரையிலுள்ள நீச்சல் தடாகம் ஒன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜெனரலாகவும் பிரபுவாகவும் உயர்ந்தவரை ஊரார் நீச்சல் தடாகத்தால் நினைவுகூர்வது பொருத்தமே.

நாம் பெறும் பாடம்

மாணவர்களே, நம்மில் பலரது பாடசாலைகளில் நீச்சல் தடாகம் இல்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் குளிர்ந்த நீரில் பயிற்சியின்றி இறங்குவது உயிராபத்தானது. எனவே இவ்வரலாறு உங்களைத் தண்ணீரில் குதிக்கச் சொல்லவில்லை. இளமையில் ஒழுங்காகப் பழகிய ஒரு திறமை, எதிர்பாராத வேளையில் பலருக்குப் பயன்படக்கூடும் என்பதையே சொல்கிறது. மேலும், ஒருவரைப் பெரியார் என்று ஏற்றுக்கொண்ட பின்னரும் அவரது பிழைகளைப் பிழை என்றே எழுதலாம் என்பதையும் கற்றுத் தருகிறது.

கால வரிசை

1889 – பிறப்பு
1906, 1910 – 100 யார் நீச்சல் சம்பியன்
1911 – பல் வைத்தியராகப் பதிவு
1915 – சாரோஸ் வளைகுடா நீச்சல்
1916 – விக்டோரியா சிலுவைக்குரிய போர்
1925 – ஆங்கிலக் கால்வாய் முயற்சி
1941 – கிரீட் தீவுப் போர்
1944 – மொன்டே கசினோ
1946–1952 – மகாதேசாதிபதி
1963 – மறைவு

மீட்டல் வினாக்கள்

1. புலாயர் கரைக்குத் தனியே நீந்திச் செல்ல பிரைபேர்க் ஏன் முன்வந்தார்?
2. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பது கடினமாக இருப்பதற்கான காரணங்கள் இரண்டு தருக.
3. நியூசிலாந்து அரசிடம் நேரடியாக முறையிடும் உரிமை அவருக்கு ஏன் முக்கியமாயிற்று?
4. கிரீட் தீவின் தோல்வி பற்றிக் கூறப்படும் இருவேறு கருத்துகள் யாவை?
5. மொன்டே கசினோ மடத்தைத் தகர்த்தமை சரியா, தவறா? காரணங்காட்டி 100 சொற்களில் எழுதுக.

*விடையெழுதுவோருக்கு:* ஐந்தாம் வினாவுக்கு ஒரே சரியான விடை இல்லை. 1944இல் தளபதிகள் அறிந்திருந்தவை எவை, பின்னர் தெரியவந்தவை எவை என்று பிரித்து எழுதுங்கள். உங்கள் முடிவு எதுவாயினும், அதற்கு நீங்கள் காட்டும் காரணமே விடைக்கு வலுச் சேர்க்கும்.